கோபத்தை அடக்கக் காதிலிருந்து தொடங்குங்கள்

தவக்காலம் பிறக்கும்போது, "இந்த நாற்பது நாளும் கோபப்படுவதில்லை" என்று தீர்மானம் எடுக்கிறவர்கள் நம்முடைய சபைகளில் எப்போதும் இருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் இரண்டாம் ஞாயிறைத் தாண்டுவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பிந்தும். கட்டாக்காலி மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கும். கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி வரும். அத்தோடு தீர்மானம் முடிந்துவிடும். பிறகு, தங்களுக்கு மனவுறுதி போதாது என்று நொந்துகொள்வார்கள். நானும் பல வருடங்கள் அப்படி நொந்துகொண்டவன்தான். தொடங்கிய இடமே பிழை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

யாக்கோபு தன் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் எழுதுகிறார்: "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." இந்த மூன்றும் ஏதோ வாய்க்கு வந்தபடி அடுக்கப்பட்டவையாக எனக்குத் தோன்றவில்லை. காது முதலில் நிற்கிறது, நாக்கு அடுத்ததாக நிற்கிறது, கோபம் கடைசியில் வருகிறது. நாமோ முதல் இரண்டையும் விட்டுவிட்டுக் கடைசியானதைப் பிடித்து மல்லுக்கட்டுகிறோம். குளத்து நீரை நம்பி வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரம்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாய்கிற நேரத்தில் மண்வெட்டியோடு ஓடுகிறவனால் ஆகிற காரியம் கொஞ்சம். எவ்வளவு திறப்பது என்று குளத்து மதகான துருசடியில் முந்திய நாளே பார்த்து வைத்தவனுக்கு அந்த ஓட்டம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டல் யாக்கோபின் வரிசையிலேயே செல்கிறது. கேட்டலைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் நாம் ஆகக் குறைவாகப் பழகியிருப்பது அதுவே.

கேட்பதைப் பழகும் முறை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பில் நான் செயலாளராக இருந்த காலத்தில், காலபோக மழை பிடித்திருந்த ஒரு மாலை, அயல் வளவு ஆச்சி ஒருவர் எங்கள் படலையடியில் நின்று உரத்த குரலில் வாய்க்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மேல்வயற்காரர் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார் என்பது அவருடைய வழக்கமான முறைப்பாடு. இதுவும் அதுதான் என்று எண்ணிய நான், "ஆச்சி, அது கூட்டத்தில கதைச்சு முடிச்ச விசயம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். "தம்பி, நான் சொல்லி முடிக்கேல்லை" என்றார். நான் நிற்கவில்லை. வாய்க்கால் கட்டில் நண்டு வளையொன்றால் தண்ணீர் கசிகிறது, இரவுக்குள் மண் போட்டு இறுக்காவிட்டால் கட்டு நிற்காது என்பதைச் சொல்லவே அவர் வந்திருந்தார். விடியும்போது கட்டு உடைந்து மூன்று குடும்பங்களின் இளம் பயிர் மண்ணுக்குள் போயிருந்தது. அவற்றில் ஒன்றுகூட அந்த ஆச்சியின் வயல் அல்ல.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த வசனத்தை நான் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அதில் உள்ள வெட்கம் என்ற சொல்லின் பொருளை உடைந்த வாய்க்கால் கட்டின்மேல் நின்றுதான் படித்தேன்.

கேட்பது உடம்பில் தொடங்குகிறது. எங்கள் ஊர்களில் அரைவாசிக் கதை படலையடியில், ஒருவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியும் மற்றவர் கையில் வேலையோடும் நடக்கிறது. சுகம் விசாரிக்க அது போதும். ஆனால் வந்தவரின் குரலில் ஏதோ கனம் இருப்பதாகத் தெரிந்தால், உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையைப் போட்டு நீங்களும் இருங்கள். நின்றுகொண்டு கேட்கிறவர் எப்போது போவார் என்ற எண்ணத்துடனேயே மற்றவர் பேசுவார். அந்த அவசரத்தில், சொல்ல வந்ததை விட்டுச் சுற்றிச் சுற்றியே பேசுவார். தொலைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். அதைவிட, வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அவர் நிறுத்தியவுடன் பதில் சொல்ல எழும்பாமல், இரண்டு மூன்று மூச்சு நேரம் சும்மா இருங்கள். நம்முடைய மக்கள், பெண்கள் சிறப்பாக, முக்கியமான விடயத்தை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் சொல்கிறார்கள் என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "நீங்கள் சொல்வது இதுதானா, அல்லது நான் பிழையாக விளங்கிக்கொண்டேனா?" என்று ஒரு வாக்கியம் போதும். அவர் "இல்லை" என்றால் கோபிக்காதீர்கள். அந்த "இல்லை" உங்களை ஒரு வீண் சண்டையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. கடைசியில், "வேறு ஏதும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த மாலையில் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வாய்க்கால் கட்டு தப்பியிருக்கும்.

இயேசு கேட்ட விதத்தை நற்செய்திகளில் கவனித்துப் பாருங்கள். எரிகோவின் வழியருகே பர்திமேயு என்ற குருடன் கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்பது சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று அவனையே கேட்டார். உயிர்த்தெழுந்த அன்று எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷர்கள் எருசலேமில் நடந்தவற்றைப் பற்றிப் பேசியபோது, அந்தச் சம்பவத்தின் நடுவில் இருந்தவரே அவர்தான் என்றாலும், என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் நம்பி ஏமாந்த கதையை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார். அதன் பிறகுதான் வேதவாக்கியங்களை விளக்கினார். தெரிந்ததையும் கேட்டுக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவதாகாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இங்கே ஒரு விடயத்தில் கொஞ்சம் தரித்து நிற்க வேண்டும். வன்னியில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டைக் கடந்து வந்த ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி முடிக்கப்படாத ஒரு கதை இருக்கிறது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் போராட்டப் பந்தலில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது பதில். தங்களை யாராவது முழுமையாகக் கேட்க வேண்டும் என்ற தாகமும் அதற்குள் இருந்தது என்று அங்கு போய் இருந்தவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒரு தாயின் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிற நாம், பத்து நிமிடத்துக்குள் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி எழும்பிவிடுகிறோம். யோபின் மூன்று நண்பர்களும் அவனோடு ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு, "நீங்களெல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே துயர வீட்டில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் கடினம்: இருங்கள், காரணம் சொல்லாதீர்கள், உங்கள் வீட்டு இழப்பை எடுத்து ஒப்பிடாதீர்கள், அவர் சொல்லாத விபரத்தைத் தோண்டிக் கேட்காதீர்கள், போன முறை சொன்ன அதே கதையை மீண்டும் சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேளுங்கள். ஜெபம் செய்வதானால், அவர் சொன்ன பெயரைச் சொல்லி, "இருக்கிறார்" என்று அவர் நம்பினால் இருக்கிறவராகவே வைத்து ஜெபியுங்கள்.

பிணக்குத் தீர்க்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது சபை மூப்பர், அன்பியம் எனும் சிறு கிறிஸ்தவக் குழுவின் தலைவர், கமக்காரர் அமைப்பின் நிர்வாகி போன்றவர்களுக்கு, இன்னொரு வசனம் தேவை: "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்." முதலில் வந்து அழுகிறவர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. மற்றவரைக் கேட்கும்வரை முகத்திலும் தீர்ப்பைக் காட்டாதிருப்பது பயிற்சியால் வருகிற ஒன்று.

பேச்சில் பொறுமை

எபேசியர் 4:29இல், "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று பவுல் எழுதும்போது, நாம் உடனே தூஷணத்தை நினைத்துக்கொண்டு, அது நம் வாயில் வருவதில்லை என்று ஆறுதலடைகிறோம். அங்குள்ள கிரேக்கச் சொல் அழுகிப்போனதைக் குறிப்பது. மத்தேயு 13இல் வலையில் அகப்பட்டு எறியப்படும் ஆகாத மீன்களுக்கும் அதே சொல்தான் வருகிறது. முல்லைத்தீவுக் கரையில் மீன் பெட்டி அடுக்கிய எவரும் ஒரு பழுதான மீன் பெட்டி முழுவதையும் என்ன செய்யும் என்று சொல்வார்கள். தூஷணம் கலக்காத, மிக மரியாதையான பேச்சும் அழுகியதாக இருக்கலாம். மருமகளின் சமையலைப் பற்றி மாமியார் சிரித்தபடி சொல்லும் ஒரு வார்த்தை, பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு முன் அயல் வீட்டுப் பிள்ளையைப் புகழும் தகப்பனின் ஒரு வார்த்தை, இவையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் அடங்கும். அதே வசனத்தின் மறுபாதி, சொல்லப்போவது கேட்கிறவருக்குப் பிரயோசனமாக இருக்க வேண்டும் என்கிறது. கேட்கிறவருக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். சொல்கிறவரின் மனப்பாரம் இறங்குவதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அப்படியானால் கடினமான உண்மையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காடு எரித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: சுற்றிவரச் சருகைக் கூட்டி ஒதுக்கி, காற்றுப் பார்த்து, பக்கத்தில் ஆள் நிறுத்திய பிறகே தீ வைத்தார்கள். சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது என்று நாவைப் பற்றி யாக்கோபு சொன்னதை அவர்கள் கையாலேயே அறிந்தவர்கள். கடினமான வார்த்தைக்கும் நேரம், இடம், கூட நிற்பவர்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். பசியோடு வந்தவரிடமோ, பிள்ளைகள் பார்த்திருக்கவோ, ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போதோ அதைச் சொல்லாதீர்கள். சொல்லும்போது "எப்போதும்", "ஒருநாளும்" என்ற இரண்டையும் விட்டுவிட்டு, நடந்த ஒரு காரியத்தை மாத்திரம் சொல்லுங்கள். "நீங்கள் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை" என்றால், வந்த நாட்களை எண்ணிக் காட்டுவதில் அவர் முனைவார். "வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன்" என்றால் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேச முடியும்.

மற்றவர் சொன்னது உங்களைக் குத்தியதுபோல் இருந்தால் என்ன செய்வது? இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனையை வைத்தார். அயலான் சொன்னதைக் கண்டனம் செய்வதைவிட, அதற்கு நல்ல பொருள் கொள்ளவே ஒவ்வொருவரும் முதலில் முனைய வேண்டும். நல்ல பொருள் கொள்ள முடியாவிட்டால், என்ன கருத்தில் சொன்னார் என்று அவரையே கேட்க வேண்டும். அது பிழையாக இருந்தால் அன்போடு திருத்த வேண்டும். நான் கத்தோலிக்கன் அல்லன். ஆனாலும் எங்கள் சபைக் கூட்டங்களில் இந்த நிபந்தனையை எழுதி ஒட்டி வைத்தால் கூட்ட நேரம் பாதியாகக் குறையும் என்று எண்ணுகிறேன்.

புறணியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அது நம்மிடையே பல வேளைகளில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடமாடுகிறது. "அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கோ, விபரம் சொல்ல ஏலாது" என்று தொடங்கி, விபரம் முழுவதும் சொல்லி முடிக்கப்படும். பண்டைய திருச்சபையின் ஆயரான அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்லும்போது, பகைத்துக்கொண்ட இரண்டு பெண்களும் அவரிடம் வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் கொட்டித் தீர்த்தாலும், அவர்களைச் சேர்த்துவைக்க உதவுவதைத் தவிர வேறெதையும் மற்றவரிடம் கொண்டுபோகமாட்டார் என்று எழுதியிருக்கிறார். இதை அப்படியே ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம். "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்."

இப்போது நாக்கைவிட விரல் விரைவாகப் பேசுகிறது. வன்னியிலுள்ள குடும்பங்களில் பலவற்றுக்கு உறவுகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. காசு, காணி, கலியாணம் எல்லாம் வாட்ஸ்அப் வழியாகவே பேசப்படுகின்றன. அங்கே வேலை முடிந்து களைத்த நேரமும் இங்கே தூக்கம் வருகிற நேரமும் ஒன்றாகிற வேளையில் அனுப்பப்பட்ட ஒரு குரல் பதிவு, அண்ணன் தம்பியைப் பல வருடங்கள் பேசாமல் வைத்ததை நான் கண்டிருக்கிறேன். வாயால் சொன்னது காற்றோடு போய்விடலாம். பதிவோ திரும்பத் திரும்பக் கேட்கப்படும், மற்றவர்களுக்கும் கேட்கவைக்கப்படும். கோபத்தோடு பதிவு செய்ததை அனுப்பாமல் வைத்து, விடிந்த பிறகு நீங்களே ஒரு தடவை கேளுங்கள். 390ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசன் தியொதோசியு சினத்தில் கொடுத்த கட்டளையால் தெசலோனிக்கேயில் பெருந்தொகையான மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்காக அவனைத் தேவாலயத்துக்கு வெளியே நிறுத்திய ஆயர் அம்புரோசு, மரண தண்டனைக் கட்டளைகள் எழுதப்பட்டாலும் 30 நாள் கழியும்வரை நிறைவேற்றப்படக் கூடாது என்று ஒரு சட்டம் செய்யும்படி அவனிடம் கேட்டதாக, பண்டைய திருச்சபை வரலாற்றாசிரியர் தெயொதரேத்து எழுதுகிறார். பேரரசனுக்கு 30 நாள் வேண்டியிருந்தது. நமக்கு ஓர் இரவாவது வேண்டாமா?

கோபம் வந்தபோது

கோபமே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. சூம்பின கையையுடைய மனுஷன் முன் நின்றபோது, ஓய்வுநாளில் சுகமாக்குவாரோ என்று நோட்டம் பார்த்தவர்களை இயேசு கோபத்துடனே பார்த்தார் என்று மாற்கு 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களுடைய இருதய கடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டார் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அந்தக் கோபத்தின் முடிவில் ஒரு கை குணமாயிற்று. உங்கள் கோபத்தின் முடிவில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தால், அது எந்த வகைக் கோபம் என்பது தெரிந்துவிடும்.

மூக்குக்கு மேல் கோபம் என்று நாம் சொல்வதைப் போலவே, எபிரேய மொழியிலும் கோபத்துக்கும் மூக்குக்கும் ஒரே சொல்தான். பொறுமையுள்ளவனை அவர்கள் "மூக்கு நீண்டவன்" என்ற பொருளில் அழைத்தார்கள். சூடு நுனிக்கு வந்து சேர நேரமெடுக்கும் என்று அதைச் சிலர் விளக்குவர். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் "நீடிய சாந்தம்" என்று எழுதியபோது, அந்த நீளத்தை விட்டுவிடாமல் காப்பாற்றிவிட்டார்கள். நாம் பழக வேண்டியது அந்த நீளத்தைத்தான்: காரியம் நடப்பதற்கும் நாம் வாய் திறப்பதற்கும் இடையிலுள்ள நேரத்தை.

அதற்கு முதலில், கோபம் வருவதை நேரத்தோடு அறிய வேண்டும். இதயம் படபடப்பது, காது சூடாவது என்று பலர் சொல்வார்கள். நம்முடைய பேச்சுத் தமிழில் அதைவிடத் துல்லியமான ஓர் அளவுகோல் இருக்கிறது. "நீங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தவர் "நீர்" என்று இறங்குவதையும், "நீர்" என்றவர் "நீ" என்று இறங்குவதையும் கவனியுங்கள். அதற்குக் கீழே "அடா" இருக்கிறது, அதற்குக் கீழே கை இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே இது மறுதிசையிலும் நடக்கும்: "நீ" என்று உரிமையோடு பேசுகிறவர் திடீரென்று "நீங்கள்" என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினால், அதுவும் நல்ல அறிகுறியல்ல. சகோதரனை வீணனென்று சொல்வதையும் மூடனென்று சொல்வதையும் கொலைக்குப் பக்கத்தில் வைத்து இயேசு எச்சரித்தது, இந்தப் படிகளில் இறங்குகிறவன் எங்கே போய் நிற்பான் என்பதை அறிந்துதான். ஆகவே உங்கள் வாயில் முன்னிலைச் சொல் மாறுகிற கணமே நிறுத்தும் கணம்.

நிறுத்துவது எப்படி? கர்த்தருடைய ஜெபத்தை மனதுக்குள் ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்துக்கு வருமுன்னரே மூச்சு ஓரளவு சீராகிவிடும். அது போதாவிட்டால் எழுந்து போங்கள், ஆனால் சொல்லாமல் போகாதீர்கள். கதவை அடித்துவிட்டுப் போவதும் ஒரு வசவுதான். "இப்போது பேசினால் பிழையாகப் பேசிவிடுவேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைப்போம்" என்று நேரம் குறித்துவிட்டுப் போங்கள், குறித்த நேரத்துக்கு வாருங்கள். "சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுகிறதுபோலிருக்கும், ஆதலால் விவாதம் எழும்புமுன் அதை விட்டுவிடு" என்ற நீதிமொழி, இந்த மண்ணுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

யாரிடம் வந்த கோபம் யார்மேல் விழுகிறது என்றும் பாருங்கள். அலுவலகத்தில் மூன்று தடவை அலைக்கழிக்கப்பட்டவர் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, வீட்டில் பால்தேத்தண்ணீரை ஊற்றிவிட்ட பிள்ளையை அடிக்கிறார். "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு எழுதிய இடத்தில் வரும் கிரேக்கச் சொல் ஆண்மகனைக் குறிக்கப் பயன்படுவது; அவர் அதைப் பொதுவாகவும் பயன்படுத்துகிறார் என்பதால் அதிலிருந்து பெரிய உபதேசம் கட்ட மாட்டேன். என்றாலும், நம் வீடுகளில் யாருடைய கோபத்துக்கு இடம் கொடுக்கப்படுகிறது, யாருடைய கோபம் விழுங்கப்படுகிறது என்று எண்ணிப் பார்க்க அது எனக்கு உதவியது.

இங்கே ஓர் எல்லையைத் தெளிவாகப் போட வேண்டும். கேட்டலும் பொறுமையும் அடி வாங்குவதற்கான கட்டளைகள் அல்ல. கணவன் கை நீட்டுகிறான் என்று சொல்லி வருகிற பெண்ணை, யாக்கோபு 1:19ஐ வாசித்துக் காட்டித் திருப்பி அனுப்புகிற மூப்பர், அந்த வசனத்தின் முதற்சொல்லையே மீறுகிறார். கேளுங்கள், நம்புங்கள், பாதுகாப்பான இடத்துக்கு உதவுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. இந்த இரண்டையும் ஜெபக்குழுவின் அறிவித்தல் பலகையில் எழுதி வையுங்கள்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற கட்டளையைப் பலர், பிரச்சினை முழுவதையும் இரவுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று விளங்கிக்கொண்டு, நடுச்சாமம்வரை இருந்து பேசிப் பேசிக் கூடுதலாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். தணிய வேண்டியது எரிச்சல். காணிப் பிணக்கும் கடன் கணக்கும் மறுநாளும் இருக்கும். பவுல் எடுத்தாளும் 4ஆம் சங்கீதமே, படுக்கையில் உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள் என்று தொடர்கிறது. நம் நாட்டில் வருடம் முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது படுகிறது. விளக்கு வைக்கிற அந்த நேரத்தில், இன்று யார்மேல் எரிச்சலோடு இருக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது எல்லாராலும் முடியும். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141ஆம் சங்கீதத்தின் வரியை மறுநாட் காலைக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

உடைந்த பிறகு

இவ்வளவும் செய்தும் ஒருநாள் வாய் தவறும். அப்போது போக வேண்டும். பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர். பலிபீடமோ எருசலேமில் இருந்தது; நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், நாட்கணக்கான நடை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்துபோய்ச் சேர்ந்தவனை, திரும்பி நடந்து போய் ஒப்புரவாகிவிட்டு மறுபடியும் நடந்து வா என்று சொல்வதைப் போன்றது அது. நாம் போக வேண்டியிருப்பது பெரும்பாலும் நான்கு வளவு தள்ளித்தான்.

தனியாகப் போங்கள். மத்தேயு 18இல் முதற்படி "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பதே. இரண்டொரு சாட்சிகளும் சபையும் அதற்குப் பிறகுதான். எல்லையும் கடனும் சம்பந்தப்பட்ட பிணக்குகள் அப்படியும் தீராவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன; அங்கே போவது விசுவாசக் குறைவு அல்ல.

போனதும் சொல்ல வேண்டியது சிறியது. என்ன செய்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்; "ஆனால்" என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள்; "உங்களுக்கு மனம் நொந்திருந்தால்" என்று இழுக்காதீர்கள், நொந்தது தெரிந்துதானே போயிருக்கிறீர்கள். நான் அந்த ஆச்சியிடம் போக மூன்று நாள் எடுத்தது. "நீங்கள் சொல்லி முடிக்க முன்னம் திரும்பினது என்ர பிழை ஆச்சி" என்றேன். அவர் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வெறுந்தேத்தண்ணீரும் ஒரு துண்டுச் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன்னுடைய சிவப்புப் பசு கன்று போடப் போவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் சொன்னார். தேத்தண்ணீர் ஆறிவிட்டது, நான் இடையில் ஒன்றும் சொல்லவில்லை.